தொண்ணூற்றிரண்டு படிகளும் ஒரு கண்ணாடித் தரையும்

எழில்மொழிக்கு 'நாலு படி' என்று பெயர் வைத்தவன் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லையென்றால் அவள் அம்மா கெங்கம்மா இதைப் படித்துவிட்டு என் வாசலில் வந்து நிற்பாள்.

நாங்கள் எம்.கே.பி. நகரில் ஒரே குடியிருப்பு. எழில் தரைத்தளம், நான் மூன்றாவது மாடி. வேலையும் ஒரே இடம்தான், மணலி போகிற வழியில் ஒரு கன்டெய்னர் யார்டு. நான் கேட்டில் லாரிகளின் சீட்டைப் பார்த்து உள்ளே விடுகிறவன். அவள் வெயிலில் நடந்து நடந்து பெட்டிகளின் நம்பரை எழுதுகிறவள். ஆறு வருடமாக எழுதியதில், எந்த வரிசையில் எந்தப் பெட்டி, எதன் மேல் எது என்று கம்ப்யூட்டர் யோசித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுவாள். அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. அந்தப் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் கிரேனை அவள் ஓட்ட வேண்டும்.

கிரேனில் ஆள் உட்காரும் கேபின் எழுபது அடி உயரத்தில் இருக்கிறது. எழிலோ துணி காயப்போடக்கூட மொட்டை மாடிக்குப் போகாதவள்.

போன வருடம் ஜூலையில், யார்டில் வேலை செய்கிறவர்களிலிருந்தே கிரேனுக்கு ஆள் எடுக்கப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். எழில் பெயர் கொடுத்தாள். சோதனையன்று ஏணியின் நாலாவது படியில் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இரண்டு பேர் போய் ஒவ்வொரு விரலாகப் பிரித்து அவளை இறக்கினார்கள். அன்று மாலை டீக்கடையில் அந்தப் பெயரை வைத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் அவள் என் பின்னால் டீயோடு நிற்கிறாள். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது, ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. என் குணம் அப்படி.

மறுநாள் ஷேர் ஆட்டோவில் அவளே பேச்சை எடுத்தாள்.

"அண்ணே, மூணு படி வரைக்கும் எனக்கு பயமே இல்ல. நாலாவதுலதான் கீது. அப்போ எனக்கு ஒரு படிக்குத்தான் பயம்."

"அதுக்கு மேல இன்னும் அறுவது படி கீதும்மா."

"அத்த அப்பால பாத்துக்கலாம்."

சூரியன் உதிக்கிற படத்தோடு காலையில் போனுக்கு வருகிற தன்னம்பிக்கை வாசகங்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதுவும் அந்த ரகம், ஒரு வாரம் தாங்காது என்றுதான் நினைத்தேன்.

எங்கள் குடியிருப்புக்கு நடுவே பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு மேலே போகும் சிமெண்டுப் படிகள் தொண்ணூற்றிரண்டு. படிக்குப் போகும் கதவின் சாவி, தண்ணீர் திறந்துவிடும் மணியிடம் இருக்கும். எழில் போய்க் கேட்டதும் அவன் பதறிவிட்டான்.

"எதுனா ஆச்சின்னா என் வேல பூடும்மே. வேற எங்கனா போய் ஏறு."

கெங்கம்மா தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருக்கிறவள். மறுநாளிலிருந்து மணியிடம் தினமும் ஆறு இட்லியும் வடைகறியும் போய்ச் சேர்ந்தன. நாலாவது நாள் சாவி வந்தது. கூடவே, எழில் ஏறி இறங்கும்வரை மணியும் கீழேயே நிற்பான் என்ற நிபந்தனையும் வந்தது.

எழிலின் கணக்கு எளிமையானது. காலை ஆறு மணிக்கு டம்ளரில் முக்கால் அளவு டீயோடு ஏறுவாள். நாளைக்கு ஒரே ஒரு புதுப் படி. அதில் உட்கார்ந்து டீயைக் குடித்து முடிக்க வேண்டும். கை நடுங்கி டீ சிந்தினால் மறுநாளும் அதே படி. சிந்தாவிட்டால் அடுத்தது. அவ்வளவுதான். பத்தாவது படியிலேயே மூன்று நாள் இருந்தாள். அவள் மடியில் சிந்திய டீயை வைத்து ஒரு கடையே நடத்தியிருக்கலாம்.

தண்ணீர் பிடிக்க வரும் பெண்களுக்கு முதலில் இது வேடிக்கையாக இருந்தது. பிறகு பழக்கமாகிவிட்டது. "இன்னா எழிலு, இன்னிக்கு எத்தினி?" என்று வரிசையிலிருந்தே குரல் வரும். மேலேயிருந்து "இருவத்தேழு" என்று பதில் வரும். மழை வந்து ஒன்பது நாள் எல்லாம் நின்றுபோனது. திரும்ப வந்தபோது முப்பத்தொன்றில் இருந்த பயம் இருபதுக்கே இறங்கி வந்து காத்திருந்தது. அவள் அலுத்துக்கொள்ளாமல் இருபதில் உட்கார்ந்து டீ குடித்தாள். நானாக இருந்தால் டம்ளரைத் தூக்கி எறிந்திருப்பேன்.

நானும் பேப்பர் வாங்கும் சாக்கில் ஆறு மணிக்கே கீழே இறங்க ஆரம்பித்தேன். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

டிசம்பர் கடைசியில் ஒருநாள், மேலேயிருந்து "தொண்ணூத்தி ரெண்டு" என்று குரல் வந்தது. பெண்கள் குடத்தைத் தட்டிய சத்தத்தில் எம்.கே.பி. நகர் முழுக்க எழுந்திருக்கும். மணி எனக்குக் கை கொடுத்தான், ஏதோ நாங்கள் இரண்டு பேரும் ஏறியதைப் போல. அதோடு அவள் நிறுத்தவில்லை. தினமும் தொண்ணூற்றிரண்டும் ஏறி இறங்கினாள்.

இந்த ஆகஸ்டில் மறுபடியும் நோட்டீஸ் ஒட்டினார்கள். முப்பது வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். எழிலுக்கு செப்டம்பரில் முப்பது முடிகிறது. இதை விட்டால் கடைசிவரை நம்பர் எழுத வேண்டியதுதான். சோதனையன்று காலை கெங்கம்மா புத்தர் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு கடையைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

எழில் ஏணியில் மளமளவென்று ஏறினாள். கீழே நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். கேபினில் இருந்த அருள்பிரகாசம் ராயபுரத்துக்காரர், இருபத்தைந்து வருடம் கிரேன் ஓட்டியவர், அவர்தான் சோதனை வைக்கிறவர். ஒரு பெட்டியைத் தூக்கிப் பக்கத்து அடுக்கில் வைக்க வேண்டும், இருபது நிமிடத்துக்குள். அவள் சீட்டில் உட்கார்ந்தாள்.

கிரேன் அசையவில்லை. ஒரு நிமிடம், மூன்று நிமிடம், ஐந்து நிமிடம். வியர்த்துக் கொட்டியதில் நான் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு கேட்டை அப்படியே விட்டுவிட்டு கிரேனடிக்கு ஓடினேன். லாரிக்காரர்கள் பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

மேலே நடந்ததை அருள்பிரகாசம் பிறகு சொன்னார். அந்தக் கேபினுக்குத் தரை கண்ணாடி. கால்களுக்கு நடுவே குனிந்து கீழே பார்த்துக்கொண்டேதான் ஓட்ட வேண்டும். அது அவளுக்கும் தெரியும், தொட்டியில் ஏறிப் பழகினால் போதும் என்று நினைத்துவிட்டாள். ஆனால் ஏறும்போது அவள் பார்வை அடுத்த படியில் இருக்கும். உட்கார்ந்தால் டம்ளரில். இறங்கும்போது படியைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்குவாள். ஒரு வருடத்தில் ஒரு தரம்கூட அவள் கீழே பார்த்ததே இல்லை. தினமும் வேடிக்கை பார்த்த எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

"இறங்கிடலாமாம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

"டைம் கீதாண்ணா?"

"பாஞ்சு நிமிசம் கீது."

"அப்போ இருங்க."

முதலில் தன் ஷூவின் முனையை மட்டும் பார்த்தாள். மூச்சு நிதானத்துக்கு வரும்வரை அதையே பார்த்தாள். பிறகு கண்ணாடிக்குக் கீழே தொங்கும், பெட்டியைக் கவ்வுகிற இரும்புச் சட்டம். அதற்குக் கீழே ஐந்து பெட்டி அடுக்கு. மேலே இருந்த ஐந்தாவது பெட்டியின் நம்பரைச் சொன்னாள். அது அவள் கையால் எழுதிய நம்பர். மூச்சு விட்டாள். நாலாவது பெட்டியின் நம்பர். பிறகு மூன்றாவது, இரண்டாவது. ஒவ்வொரு பெட்டியாகப் பார்வையை இறக்கிக் கடைசியில் தரையைத் தொட்டுவிட்டாள். "ஜபமாலை சொல்றாப்புல இருந்துச்சுப்பா" என்றார் அருள்பிரகாசம்.

பிறகுதான் கிரேன் அசைந்தது. சட்டம் மெதுவாக இறங்கி 'டக்' என்று பெட்டியைக் கவ்வியது. தூக்கியது, நகர்ந்தது, பக்கத்து அடுக்கின் மேல் மூலைக்கு மூலை பொருந்த உட்கார்ந்தது. பதினெட்டு நிமிடம். அருள்பிரகாசம் மேலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

எழில் இறங்கி வந்து என் முன்னால் நின்றாள். அந்தப் பெயருக்கு மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணே, மேலேர்ந்து உன்னத்தான் பாத்துகினு இருந்தேன். உன் மண்ட நடுவுல சொட்டை வுழுந்துகினு கீது, தெரியுமா?"

தெரியாது. கையை வைத்துப் பார்த்தேன், ஆமாம், இருந்தது. சொட்டை விழுந்த சேதி கேட்டு ஆனந்தத்தில் அழுத முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.