கதவுக்கு உள்ளே மாட்டியிருந்த சாவி

எங்கள் கம்பெனியில் என் தம்பியைப் பெயர் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘ஸ்வெட்டர்’ என்று கேட்டால் வாசலில் நிற்கும் காவலாளிகூட மாடியைக் கை காட்டுவார். வெளியில் வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் கழுத்துவரை பொத்தான் போட்ட சாம்பல் நிற ஸ்வெட்டரோடுதான் சாப்பாட்டு அறைக்கு வருவான். கம்ப்யூட்டர்களுக்காக ஏசி ஓடும் சர்வர் அறையில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்திருந்தால் யாருக்கும் அந்தக் கதிதான்.

எங்களுடையது மருந்து மொத்த வியாபாரம். கீழ்த்தளத்தில் கிடங்கு, பக்கத்தில் குளிர்பதன அறை, அதை ஒட்டி லாரிகள் வந்து நிற்கும் மேடை. அந்த மேடையை மேய்ப்பவள் நான். முதல் மாடியில், நடைபாதையின் கடைசியில், ஒரு காலத்தில் துடைப்பமும் வாளியும் வைத்திருந்த அறைதான் தம்பியின் சாம்ராஜ்யம். சர்வர் என்கிற பதினொரு கம்ப்யூட்டர் பெட்டிகள் அங்கே இருந்தன. பில் போட ஒன்று, ஸ்டாக் பார்க்க ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று, கேமராக்களுக்கு ஒன்று, கதவுகளில் தேய்க்கும் அட்டைக்கு ஒன்று என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொன்று. பெரும்பாலான நேரம் அவற்றில் பாதி சும்மாதான் இருக்கும், ஆனால் கரண்டை மட்டும் வஞ்சனையில்லாமல் குடிக்கும்.

அவனுக்குத் துணையாக அந்த அறையில் இருந்த பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘லேபிள்’. கண்ணில் பட்ட எல்லாவற்றிலும் சீட்டு ஒட்டிவிடுவாள். ஒவ்வொரு வயரிலும் அது எங்கிருந்து எங்கே போகிறது என்று எழுதியிருக்கும். அவள் டீ டம்ளரிலும் ‘டீ’ என்று ஒரு சீட்டு உண்டு. கேட்டால், “காப்பி ஊத்திடுவாங்கக்கா” என்பாள். அவள் கணவர் முதுகில் அடிபட்டு வீட்டோடு இருக்கிறார். அந்த வீட்டில் அடுப்பு எரிவது அவள் ஒருத்தியின் சம்பளத்தில்தான்.

பில் போடும் பெட்டி ஒரு நாள் உயிரை விட்டபோதுதான் இந்தக் கதை தொடங்கியது. புதுப் பெட்டி வாங்கி, எல்லாவற்றையும் அதில் ஏற்றி முடிக்கும்வரை, இரண்டு நாள், நாங்கள் கையால் பில் எழுதினோம். லாரிக்காரர்கள் என்னைத் திட்டினார்கள். நான் மாடிக்குப் போய்த் தம்பியைத் திட்டினேன். அவன் யாரைத் திட்டுவான், பாவம். முதலாளியிடம் போய் நின்றான்.

அவன் கேட்டது விர்ச்சுவலைசேஷன். பத்திரிகைகளில் மெய்நிகராக்கம் என்கிறார்கள். இரண்டுமே என் வாயில் நுழையவில்லை. “எனக்குப் புரியற மாதிரி சொல்லுடா” என்றேன்.

“பதினொரு பேர் பதினொரு வீட்ல தனித்தனியா வாடகை கட்டிட்டு இருக்காங்கன்னு வச்சுக்கோ அக்கா. ரெண்டு பெரிய வீடு கட்டி எல்லாரையும் அதுல குடி வைக்கிறேன். அவங்கவங்களுக்குத் தனி ரூம், தனி சமையல். ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாது. தான் தனி வீட்லதான் இருக்கோம்னு நினைச்சுப்பாங்க. ஒரு வீடு இடிஞ்சா எல்லாரையும் இன்னொரு வீட்டுக்கு மாத்திடலாம்.”

“கூட்டுக் குடும்பம்னு சொல்லு.”

“சண்டை இல்லாத கூட்டுக் குடும்பம்.”

அப்படி ஒன்று உலகத்தில் கிடையாது என்று நான் அப்போதே சொன்னேன். யார் கேட்டார்கள்?

முதலாளிக்குக் கரண்ட் பில் குறையும் என்றதும் உச்சி குளிர்ந்துவிட்டது. சரி என்றார். அதோடு விட்டிருக்கலாம். எழுந்து போகும்போது வாசலில் நின்று, “பதினொண்ணு ரெண்டாகுதுன்னா, பார்த்துக்கிறதுக்கு ரெண்டு பேர் எதுக்குத் தம்பி? எல்லாம் நல்லபடியா ஓடட்டும், வருஷக் கடைசியில பேசுவோம்” என்றாராம்.

தம்பி அன்று சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் போகவில்லை. வேலை கெட்டால் அவன் மானம் போகும். வேலை நன்றாக நடந்தால் லேபிளின் பிழைப்பு போகும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் என்ன செய்தான் தெரியுமா? நேராகப் போய் அவளிடம், “உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதும்மா, நான் பொறுப்பு” என்று வாக்குக் கொடுத்துவிட்டான். கொடுக்க அவன் யார்? கம்பெனி என்ன எங்கள் அப்பா சொத்தா? எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவன் சிறு வயதிலிருந்தே அப்படித்தான். தன் கையில் இல்லாததைத்தான் முதலில் தானம் செய்வான்.

வேலை நன்றாகவே நடந்தது. பழைய பெட்டிகள் ஒவ்வொன்றாக வெளியேறின. அறையில் முதல்முறையாக நடக்க இடம் வந்தது. இரைச்சல் அடங்கி, உள்ளே பேசினால் காது கேட்டது. ஸ்டாக் மென்பொருளில் புது மாற்றம் செய்யும்முன் அப்படியே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வான். தப்பாகிவிட்டால் கொஞ்ச நேரத்தில் பழைய நிலைக்கே திரும்பிவிடுவான். முன்பென்றால் அதற்கு ஒரு நாள் போகும்.

கூட்டுக் குடும்பத்தின் குணமும் மெல்லத் தெரிந்தது. கீழே ஒருவர் குழாயை முழுக்கத் திறந்தால் மாடியில் தண்ணீர் வராது, அந்தக் கதைதான். காவலாளி கேமராவில் பழைய படங்களைத் தேட ஆரம்பித்தால் என் மேடையில் பில் நொண்டும். எந்த வேலைக்கு எவ்வளவு என்று தம்பியும் லேபிளும் உட்கார்ந்து பங்கு பிரித்துக்கொண்டே இருந்தார்கள். ஸ்டாக் மென்பொருள் விற்றவர்களோ, பெட்டி மாறிவிட்டது, உரிமத்தைப் புதிதாக வாங்கு என்று கொடி பிடித்தார்கள். அவர்களோடு போனில் மல்லுக்கட்டியது லேபிள்தான். புதுப் பெட்டி வாங்க வேண்டியதில்லை, உள்ளேயே ஒன்றை உண்டாக்கிவிடலாம் என்று தெரிந்ததும் ஆளாளுக்கு வந்து நின்றார்கள். கணக்குப் பிரிவுக்குப் பரிசோதனைக்கு ஒன்று, விற்பனைக்கு ஒன்று. பதினொன்று பத்தொன்பதானது. வெளியிலிருந்து பார்த்தால் அப்போதும் இரண்டே பெட்டிகள். கண்ணுக்குத் தெரியாததை முதலாளி எப்படி எண்ணுவார்?

அந்த இரண்டுக்குள் போகாமல் வெளியே மிச்சம் இருந்தது ஒரே ஒரு பழைய பெட்டி, கதவு அட்டைகளுக்கானது. ‘தொடாதீர்கள்’ என்று அதன்மேல் லேபிள் ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள். அந்தப் பக்கமாக வந்த முதலாளி, “இது மட்டும் ஏன் இன்னும் ஓடுது?” என்று கேட்டுவிட்டுப் போனார். கேட்டது அவ்வளவுதான்.

“இது ஒண்ணு வெளியவே இருக்கட்டும் சார்” என்றாள் லேபிள். தம்பி கேட்கவில்லை. மறுநாளும் சொல்லிப் பார்த்தாள். அவன் அதையும் உள்ளே மாற்றச் சொன்னான். மாற்றினாள். அந்தச் சீட்டை உரித்து மேசை ஓரத்தில் ஒட்டி வைத்துக்கொண்டாள்.

வருஷக் கடைசி நெருங்கியிருந்தது. மின்சார வேலைக்காக ஒரு காலையில் கரண்டை நிறுத்தினார்கள். பேட்டரி தாங்கும்வரை தாங்கியது. பிறகு இரண்டு பெரிய பெட்டிகளும், தம்பி ஏற்பாடு செய்திருந்தபடி, ஒழுங்காகத் தாங்களே அணைந்தன. இருவரும் சாப்பிடக் கீழே வந்தார்கள். கரண்ட் வந்ததும் போய்ப் பொத்தானை அழுத்தினால் தீர்ந்தது.

கரண்ட் வந்தது. தம்பி மேலே போய்க் கதவில் அட்டையைத் தேய்த்தான். திறக்கவில்லை. மறுபடி தேய்த்தான். அட்டை சரியா தவறா என்று சொல்ல வேண்டிய சர்வர், அணைந்து கிடக்கும் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டி அறைக்குள் இருக்கிறது. அறைக் கதவோ, சர்வர் பதில் சொல்லாதவரை திறக்காது.

“சாவி இருக்குமே” என்றேன், சத்தம் கேட்டு மேலே போன நான்.

இருந்தது. கட்டடத்திலேயே பத்திரமான அறை இதுதான் என்று, எல்லாச் சாவிகளும் மாட்டும் பலகையை இந்த அறைக்குள்தான் வைத்திருந்தார்கள். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு, கை நுழையாத அகலம். அதன் வழியே பார்த்தேன். எதிர்ச் சுவரில் வரிசையாகச் சாவிகள். ஒன்றின்மேல் லேபிளின் அழகான கையெழுத்தில், ‘சர்வர் அறை’.

எனக்குச் சிரிப்பு வந்தது. தம்பி முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. வெளுத்துப்போயிருந்தான்.

கீழே லாரிகள் வரிசை கட்டின. ஆஸ்பத்திரிகளிலிருந்து போன்மேல் போன். தச்சர் உளியும் ரம்பமுமாக வந்து கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். “சாவி உள்ளதானே இருக்கு? அப்ப தொலையலை, கவலைப்படாதீங்க” என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் பூட்டைச் சுற்றி மரத்தை அறுக்க ஆரம்பித்தபோது முதலாளி வந்துவிட்டார். ஒரு பிளாஸ்டிக் முக்காலியை இழுத்து நடைபாதையில் போட்டு உட்கார்ந்தார்.

கதவு பிளந்ததும் தம்பி திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். எது முதலில், எது பிறகு என்று ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டும், வரிசை தப்பினால் ஒன்றும் நிற்காது. அவன் உள்ளிருந்து குரல் கொடுப்பான். லேபிள் மாடிப்படியில் ஓடுவாள். கிடங்கில் ஸ்கேனர் வேலை செய்கிறதா, மேடையில் பில் வருகிறதா, குளிர்பதன அறையின் வெப்பநிலை திரையில் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்து சொல்வாள். முதலாளியின் முக்காலியைத் தாண்டித்தான் ஒவ்வொரு முறையும் ஓடினாள்.

“இன்னும் எத்தனை?” என்றார் முதலாளி.

“பத்தொன்பதுல ஏழு வந்துடுச்சு சார்.”

“பத்தொன்பதா? பெட்டி ரெண்டுதானே?”

“பெட்டி ரெண்டு சார். உள்ள பத்தொன்பது.”

அவர் முக்காலியைக் கொஞ்சம் சுவரோரம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

மாலை டீ வருவதற்குள் எல்லாம் எழுந்துவிட்டது. முன்பு ஒரு பெட்டிக்கே இரண்டு நாள் பிடித்தது என்பதை நானே அவரிடம் சொன்னேன், கேட்காமலே. அவர் தலையாட்டிவிட்டு அறுபட்ட கதவைத் தொட்டுப் பார்த்தார்.

“இந்தக் கதவோட பெட்டியை யார் உள்ள போட்டது?”

“நான்தான் சார்” என்றாள் லேபிள். மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது.

“கைதான் அவங்களோடது சார், சொன்னது நான்” என்றான் தம்பி. “வேண்டாம்னு சொன்னாங்க, நான்தான் கேட்கலை. நீங்க வந்து பார்க்கும்போது வெளிய ஒண்ணும் மிச்சம் இருக்கக்கூடாதுன்னு ஒரு ஆசை. வருஷக் கடைசியில ஒருத்தரை எடுக்கிறதா இருந்தா, தப்பு பண்ணினவனை எடுங்க சார்.”

எனக்கு அவன் வாயில் துணியை வைத்து அடைக்கலாம் போலிருந்தது. அவனுக்கும் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், வீட்டுக் கடன் இருக்கிறது. இவ்வளவு நல்லவனாக இருக்கச் சொல்லி யார் அழுதார்கள்? ஆனால் அதே நேரத்தில், இவன் என் தம்பி என்று நெஞ்சு நிமிர்ந்ததையும் மறைக்கப்போவதில்லை.

முதலாளி படி இறங்கிப் போனார். அதற்கப்புறம் அந்த வாரம் முழுக்க அவர் மாடி ஏறவே இல்லை. தம்பி பழைய கதவுப் பெட்டியைத் தேடி எடுத்துத் துடைத்து, தனியாக ஓட வைத்தான். ‘தொடாதீர்கள்’ சீட்டை அவனே மேசையிலிருந்து உரித்து அதன்மேல் ஒட்டினான். லேபிள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அவள் மேசை நாளுக்கு நாள் காலியாகி வருவதை நான் கவனித்தேன். டம்ளரைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள்.

புதுக் கதவை மாட்டத் தச்சர் வந்த அன்று நானும் மேலே இருந்தேன். மாட்டி முடித்ததும் அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துத் தம்பியிடம் கொடுத்தார். தம்பி வாங்கிக்கொண்டு, பலகையில் மாட்டலாமா என்று யோசித்து, நல்லவேளை, பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். தச்சர் மறுபடி பைக்குள் கையை விட்டு இன்னொன்றை எடுத்தார்.

“இது அந்த அம்மாவுக்கு. ரெண்டு சாவி போடச் சொன்னார் முதலாளி. ஆளுக்கு ஒண்ணு கையிலயே இருக்கணுமாம்.”

லேபிள் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். சீட்டு எடுத்து எழுதப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். எழுதவில்லை. கைப்பையைத் திறந்து, வீட்டுச் சாவிக் கொத்தை எடுத்து, அதில் இதையும் கோத்துக்கொண்டாள். நான் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவள் மேசையில் டம்ளர் இருந்தது.