வாயில் குஞ்சு சுமந்த மஞ்சள் மீன்

நேசபாய் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. மண்டைக்காட்டுப் பக்கமுள்ள அந்தக் கிணற்றில் அவ்வளவு சுண்ணாம்பு. ஆனால் அதே தண்ணீரில்தான் அவளுடைய ஆப்பிரிக்க சிக்லிட் அலங்கார மீன்கள் கண்ணாடித் தொட்டியில் எட்டு வருஷம் செழித்தன. அவற்றுக்கு இப்படிப்பட்ட தண்ணீர்தான் ஒத்துவரும் என்று நாகர்கோவில் கடைக்காரர் சொன்னபோது, இந்த வீடும் ஒரு ஜீவனுக்குப் பிடித்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது அவள் கணவன் குமாரதாஸ் சவூதியில், தம்மாமில் இருந்தான். வீடியோ காலில் தொட்டியைப் பார்க்கும்போதெல்லாம், "பொரிச்சுத் தின்ன ஒக்காத மீனுக்கு என்னத்துக்கு ஏட்டி இவ்வளவு சீராட்டு?" என்பான். போன வருஷம் கம்பெனியை மூடினார்கள், ஊரோடு வந்துவிட்டான். அங்கே இருபது பேருக்கு சூப்பர்வைசர். இங்கே மேற்பார்வையிட அவள் ஒருத்திதான்.

ஐப்பசி மழையில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. காற்று மோட்டார் நின்று, ஒன்றன்பின் ஒன்றாக மீன்கள் மிதந்தன. மிஞ்சியது ஒரு பெண் மீன். அதன் வாய் நிறைய முட்டை. எட்டு வருஷ வம்சம் முழுக்க அந்தச் சின்ன வாய்க்குள் இருந்தது.

முட்டையை வாயிலேயே வைத்துக் குஞ்சு பொரிக்கும் ஜாதி அது. மூன்று வாரம் வாயைத் திறந்து இரை எடுக்காது. தாடை உப்பி, மஞ்சள் வெளிறி, கல்லிடுக்கில் ஒதுங்கிக் கிடக்கும். பயந்தால் குஞ்சைத் துப்பிவிடும். நேசபாய் பழைய சேலைத் துண்டால் கண்ணாடியை மறைத்து வைத்தாள்.

பதினெட்டாம் நாள் அவள் தங்கைக்கு நாகர்கோவிலில் ஆபரேஷன். கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்: "அதத் தொடாண்டாம். தீனியும் போடாண்டாம். வாயில குஞ்சு கெடக்கு."

"மீனுக்க வாயில குஞ்சா? இருவது ஆள மேய்ச்சவனுக்கு ஒரு மீன மேய்க்கத் தெரியாதாக்கும்?"

"மேய்க்காண்டாம். சும்மா விட்டாப் போரும்."

மூன்றாம் நாள் சாயங்காலம் திரும்பினாள். குமாரதாஸ் கேட்டிலேயே நின்றிருந்தான். வழக்கமில்லாத வழக்கமாக அவள் பையை வாங்கிக்கொண்டான். "வந்து பாரு ஏட்டி."

சேலைத் துண்டு மடித்து நாற்காலியில் கிடந்தது. தொட்டியில் விளக்கு எரிந்தது. நட்டநடுவில் அந்த மீன், பழுத்த எலுமிச்சைபோல மஞ்சளாக, துடுப்பில் கறுப்பு ஓரம் பளிச்சென்று நீந்தியது. அவன் தீனி போட்டான், பாய்ந்து தின்றது. தாடை ஒட்டியிருந்தது.

"கலரு வந்தாச்சு, பாத்தியா? நீ பட்டினி போட்டே கொன்னிருப்ப. கடையில கேட்டு நீல மருந்து வாங்கினேன். வலையால கோரி, உப்பும் போட்டு, பக்கெட்டுல ஒரு மணிக்கூர் விட்டேன். என்னத்தையோ கக்கிச்சு. அழுக்கெல்லாம் வெளிய போன பொறவுதான் உசிரே வந்துச்சு."

அவள் பின்வாசலுக்குப் போனாள். துவைக்கிற கல்லோரம் பக்கெட் அப்படியே இருந்தது. நீலத் தண்ணீரின் அடியில் அவை அசையாமல் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கண் இருந்தது.

பின்னால் அவன் வந்து நின்றான். "ஏட்டி, நல்லதாட்டு ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"

அவன் முகத்தைப் பார்த்தாள். கெட்ட எண்ணம் ஒரு துளி இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"நல்ல கலரு," என்றாள். பக்கெட்டைத் தென்னை மரத்தடியில் கவிழ்த்தாள். உள்ளே போய்த் தீனி டப்பாவை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தாள். "இனி நீங்களே பாத்துக்கிடுங்க."

அதைப் பதவி உயர்வாகவே அவன் வாங்கிக்கொண்டான்.