நாலாவது வார்த்தை

இதை நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. நான் ஒரு கணக்கு டீச்சர். வேலூரில் ஒரு தனியார் பள்ளியில் பதினாறு வருடமாக அல்ஜீப்ரா சொல்லிக்கொடுக்கிறேன். பேய், பிசாசு என்று ஸ்டாஃப் ரூமில் யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிப்பவள் நான்தான். அதனால் நடந்ததை நடந்த வரிசையில், மணி நிமிடத்தோடு எழுதுகிறேன். ஒரு வரிகூட நானாகச் சேர்க்கவில்லை.

2024 நவம்பர் 16, சனிக்கிழமை. இடம், ஜவ்வாது மலை.

முதலில் என் அக்கா மஞ்சுளாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒன்பது வயது மூத்தவள். கலசப்பாக்கத்தில் இருந்தாள். மாமா லாரி விபத்தில் போனபோது அவளுக்கு முப்பத்து நாலு வயது. அருணா என்று ஒரே பெண். நான் வேலைக்குப் போக ஆரம்பித்தபோது, என் மகளைக் கைக்குழந்தையிலிருந்து நாலு வயது வரை வளர்த்தவள் அக்காதான். என் மகள் முதன்முதலாக ‘அம்மா’ என்று கூப்பிட்டதும் அவளைத்தான்.

அந்த மகளின் மஞ்சள் நீராட்டு விழாவில், ஆலத்தித் தட்டை ஆசை ஆசையாகத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்தாள் அக்கா. என் மாமியார் முகம் சுளித்தார். நாத்தனார் என் காதில், “புருஷன் இல்லாதவங்க ஆலம் சுத்தலாமா?” என்றாள். மண்டபம் முழுக்க ஜனம். நான் அக்காவிடம் போனேன்.

“அக்கா, நீ கொஞ்ச நேரம் உள்ள குந்து. போட்டோ எடுத்து முடியட்டும்.”

ஏன் என்று அவள் கேட்கவே இல்லை. தட்டைக் கீழே வைத்தாள். பின்பக்க வழியாகப் போய் பஸ் ஏறிவிட்டாள். பந்தியில் ஒரு வாய் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு ஆறு வருடம் எங்களுக்குள் பேச்சில்லை. தப்பு என்மேல்தான் என்று அன்றைக்கு ராத்திரியே எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? நாளைக்குப் பேசலாம் என்று தள்ளினேன். பொங்கலுக்குப் பேசலாம் என்றேன். வருடம் ஏற ஏற, எந்த முகத்தோடு பேசுவது என்று ஆகிவிட்டது.

தூக்கம் போயிற்று. பிரஷர் மாத்திரை வந்தது. அப்போதுதான் கூட வேலை செய்யும் டீச்சர் ஒருத்தி இந்த முகாமைப் பற்றிச் சொன்னாள். ஹவாய்த் தீவு மக்களின் வழக்கத்தை வைத்து, மனப் பாரத்தை இறக்கி வைக்கும் இரண்டு நாள் முகாம். அமிர்தி வரை பஸ், அங்கிருந்து மேலே ஜீப்.

கலசப்பாக்கத்துக்கு பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். நேராகப் போய் அவள் கையைப் பிடித்திருக்கலாம். நான் மலை ஏறினேன்.

முகாமை நடத்தியவர் ரேணுகாதேவி. காட்பாடிக்காரர். ஒன்பது வருடம் ஹவாயில் நர்ஸாக இருந்தவர். கழுத்தில் எப்போதும் பெரிய பெரிய கறுப்புக் கொட்டைகள் கோத்த மாலை. நடந்தால் டொக் டொக் என்று சத்தம் கேட்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்கள் பதினொரு பேர் போய்ச் சேர்ந்ததும், எல்லோருடைய போனையும் அணைத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிட்டார். ஞாயிறு காலைதான் திருப்பித் தருவாராம்.

“இது என் வித்தை இல்லீங்க. அவுங்க வூட்டு வழக்கம். பக்கத்து வூட்ல இருந்த ஒரு குடும்பம் எனக்குக் காட்டிச்சி, நான் உங்களுக்குக் காட்றேன்,” என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவர்கள் ஊரில் சண்டை போட்ட சொந்தங்கள் எல்லோரும் ஒரே இடத்தில் எதிரெதிரே உட்கார வேண்டுமாம். மனதில் இருப்பதைக் கொட்டி, மன்னிப்புக் கேட்டு, மன்னித்து முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாதாம்.

“இங்க உங்க ஆளுங்க இல்ல. அதனால உங்களுக்கு எதிர்ல வேற ஒருத்தர் உக்காருவாங்க. அவுங்கள உங்க ஆளா நெனச்சிக்குங்க. நாலே வார்த்தை. நான் தப்பு பண்ணிட்டேன். என்னை மன்னிச்சிடு. நீ செஞ்சதுக்கெல்லாம் நன்றி. உன்மேல எனக்கு உசுரு. எதிர்ல இருக்கறவங்க ‘ம்’ மட்டும்தான் சொல்லணும். பாதியில மட்டும் எழுந்துடாதீங்க.”

பேச ஆரம்பிக்கும் முன் இருவரும் நெற்றியோடு நெற்றி வைத்து, ஒருவர் மூச்சை மற்றவர் வாங்க வேண்டும். அவர்கள் ஊரில் வணக்கம் சொல்வதே அப்படித்தானாம். சனிக்கிழமை பகலில் எல்லோரும் பழகிப் பார்த்தோம். மூன்று வார்த்தை எனக்குச் சரளமாக வந்தது. நாலாவது வரவே இல்லை. நம் வீடுகளில் அதை யார் வாயால் சொல்கிறார்கள்? இன்னொரு கரண்டி சோறு போடுவோம். அதோடு சரி.

மாலை 5:50. வெளியே மரத்தடிகளில் பாய் விரித்திருந்தார்கள். நல்ல பனிமூட்டம். ரேணுகாதேவி ஒரு பெரிய சங்கை எடுத்து ஊதினார். ஹவாயில் அப்படித்தான் ஆரம்பிப்பார்களாம். அந்தச் சத்தம் மலையில் முட்டித் திரும்பி வந்தது. சமையல் செய்ய வந்த மலையூர் பெண் மாதம்மாள், அரிசி களைந்த கையோடு வெளியே ஓடிவந்தார்.

“பொழுது சாய்ற நேரத்துல சங்கு ஊதாதீங்கம்மா. எங்க ஊர்ல பொணம் எடுக்கும்போதுதான் ஊதுவாங்க.”

ரேணுகாதேவி சிரித்து, “இது வேற சங்கு மாதம்மா,” என்றார். எங்களில் நாலைந்து பேர் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்திலும் அப்படித்தான்.

பத்துப் பேர் ஐந்து ஜோடியாகப் பிரிந்தார்கள். நான் ஒற்றை. “உங்களுக்கு நானே வர்றேன். மத்தவங்கள ஒரு சுத்து பாத்துட்டு வந்துடறேன்,” என்றார் ரேணுகாதேவி. சரிவு தொடங்கும் இடத்தில் கடைசியாக ஒரு பலா மரம். அதன் அடியில் என்னை உட்கார வைத்து, கண்ணைப் பருத்தித் துணியால் கட்டிவிட்டுப் போனார்.

டொக்... டொக்... டொக்... மாலைச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

காத்திருந்தேன். தூரத்தில் யாரோ விசும்பும் சத்தம். சமையல் கட்டில் பாத்திரம் உருளும் சத்தம். என் கைக்கடிகாரம் மணிக்கு ஒருமுறை ஒலிக்கும். ‘பீப் பீப்’ என்றது. ஆறு மணி.

அதற்குப் பிறகு ஏழெட்டு நிமிடம் போயிருக்கும். சருகு மிதிபடும் சத்தம் கேட்டது.

சரக்... சரக்...

ரேணுகாதேவி கட்டடத்தின் பக்கம் போயிருந்தார். சத்தம் சரிவுப் பக்கத்திலிருந்து வந்தது. அங்கே பாதை கிடையாது. சுற்றிக்கொண்டு வருகிறார் போல என்று நினைத்தேன்.

எதிரே பாய் நசுங்கியது. உட்கார்ந்துவிட்டார்.

மாலைச் சத்தம் கேட்கவில்லை. கழற்றி வைத்துவிட்டாரோ?

ஒரு வாசம் வந்தது. ஸ்பிரிட் வாசம். ஊசி போடும் முன் பஞ்சில் தொட்டுத் தடவுவார்களே, அது.

நர்ஸ்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தலையை முன்னால் சாய்த்தேன். நெற்றி நெற்றியைத் தொட்டது. கொதித்தது. அந்தப் பனியில் அப்படி ஒரு சூடு. என் மூக்கின் மேல் பிளாஸ்டர் மாதிரி ஏதோ சொரசொரவென்று உரசியது.

மூச்சை வாங்கினேன். எதிரே மூச்சு வந்தது. நின்றுவிட்டது.

எண்ணினேன். ஒன்று... இரண்டு... மூன்று...

ஏழு எண்ணிய பிறகுதான் அடுத்த மூச்சு வந்தது.

எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் பாதியில் எழுந்திருக்கக் கூடாதே. அக்காவை நினைத்துக்கொண்டேன். ஆலத்தித் தட்டைக் கீழே வைத்த அந்தக் கைகளை நினைத்துக்கொண்டேன். எங்கிருந்தோ அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“நான் தப்பு பண்ணிட்டேன்.”

எதிரிலிருந்து பதில் வந்தது.

“ம்.”

“என்னை மன்னிச்சிடு.”

இந்த முறை நேரமானது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் கண்ணீர் துணியை நனைத்துக் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

“ம்...”

மூக்கால் இழுத்துச் சொன்ன ‘ம்’. அப்படிச் சொல்கிற ஒரே ஆளைத்தான் எனக்குத் தெரியும்.

பாயின் ஓரத்தைப் பற்றிக்கொண்டேன்.

“நீ... செஞ்சதுக்கெல்லாம் நன்றி.”

“ம்.”

நாலாவது வார்த்தை. வாய் வரை வந்தது. அதற்குமேல் வரவில்லை.

நெற்றி என் நெற்றியை இன்னும் கொஞ்சம் அழுத்தியது.

“அப்புறம்?”

அக்கா குரல்.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்து நான் கதை அளப்பேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்பாள். அதே “அப்புறம்?”

துணியைப் பிய்த்து எறிந்தேன்.

எதிரே யாரும் இல்லை.

பாய்... பனி... அவ்வளவுதான்.

ஆனால் என் நெற்றியில் அந்த அழுத்தம் அப்படியே இருந்தது. சூடாக...

கண்ணுக்கு எதிரே ஒன்றுமில்லை. நெற்றியில் நெற்றி.

ஓடினேன்.

செருப்பு எங்கே விழுந்தது என்று தெரியாது. கூடத்துக்குள் போய்ச் சுவரில் மோதி நின்றேன். எதிரே சுவர்க் கடிகாரம். 6:22. ரேணுகாதேவி ஒரு பெண்ணின் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் மாலை இருந்தது.

“இன்னாங்க கோகிலவாணி? நான் இன்னும் உங்ககிட்ட வரவே இல்லியே. இந்தம்மா அழுவறாங்கன்னு இங்கயே இருந்துட்டேன்.”

நடந்ததைத் திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் முகம் மாறியது. என் கையைப் பிடித்தார்.

“எத்தினி வார்த்தை சொன்னீங்க?”

“மூணு.”

“அப்போ வாங்க. நான் கூட நிக்கறேன். முடிச்சிட்டு வந்துடுங்க. பாதியில வுடக் கூடாது.”

“முடியாது. அந்தப் பக்கம் வர மாட்டேன்.”

இரண்டு மூன்று தடவை கூப்பிட்டார். நான் தூணைக் கட்டிக்கொண்டேன். மாதம்மாள் சுக்குக் காபி கொண்டுவந்து கையில் கொடுத்தார். குடித்துவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அந்த இடத்திலேயே படுத்துவிட்டேன்.

ஞாயிறு காலை போன் கைக்கு வந்தது. மேலே டவர் இல்லை. 9:05க்கு ஜீப் அமிர்திக்கு இறங்கியதும் போன் அதிர ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. அருணா முப்பத்தொரு தடவை கூப்பிட்டிருந்தாள். ஆறு வருடத்தில் முதல் முறையாக. முதல் அழைப்பு சனிக்கிழமை காலை 9:40க்கு.

“அருணா... இன்னாம்மா ஆச்சு?”

“அம்மா போய்ட்டாங்க சித்தி. நேத்து சாயங்காலம்.”

சனிக்கிழமை காலை குழாயடியில் குடத்தோடு விழுந்திருக்கிறாள். மூளையில் ரத்தக் கசிவு. திருவண்ணாமலைக்குக் கொண்டுபோய் ஐ.சி.யு.வில் வைத்திருக்கிறார்கள். கண் திறக்கவே இல்லையாம். ஆறு வருடமாக இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லாததால், என் வீட்டுக்காரர் நம்பர் அருணாவிடம் இல்லை. என் நம்பர் மட்டும்தான் இருந்தது. அது பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தது.

பதினொன்றரைக்குக் கலசப்பாக்கம் போய்ச் சேர்ந்தேன். அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அருணா என் தோளில் சாய்ந்து அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள்.

“பேச்சு மூச்சில்லாம கெடந்தாங்க சித்தி. ஆறு மணிக்கு மேல, திடீர்னு ‘ம்’னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சி மறுபடி ‘ம்’. மூணு வாட்டி. எனக்கு சந்தோஷம் தாங்கல. அம்மா முழிச்சிக்கினாங்கன்னு நர்ஸக் கூப்ட்டேன். அப்பால ‘அப்புறம்?’னு கேட்டாங்க. இன்னாம்மா, இன்னா அப்புறம்னு நானும் கேக்கறேன், பதிலே இல்ல. தலையத் தூக்கித் தூக்கி முன்னால நீட்டனாங்க. நர்ஸ் படுக்க வெச்சாங்க. மறுபடி தூக்கனாங்க. யாரோ எதுவோ சொல்ல வர்ற மாதிரி காத்துனு இருந்தாங்க சித்தி. ஆறு முப்பத்தொண்ணுக்கு தலை சாஞ்சிடுச்சி.”

6:22லிருந்து 6:31. ஒன்பது நிமிடம். அந்த ஒன்பது நிமிடமும் நான் தூணைக் கட்டிக்கொண்டு, ‘வர மாட்டேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்காவின் தலைமாட்டில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் ஈரத்துணியை வைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்கள்.

“எத்தினி வாட்டி தொடைக்கறது? போவ மாட்டேங்குதே. தாலி அறுத்தவ நெத்தியில எவ இத வெச்சா?”

எட்டிப் பார்த்தேன். பதினெட்டு வருடமாகப் பொட்டே இல்லாத அக்காவின் நெற்றியில், நடுவில், குங்குமம். விரலால் வைத்த மாதிரி இல்லை. எதன்மேலோ அழுத்தி ஒட்டிக்கொண்ட மாதிரி கலைந்திருந்தது.

“ஆஸ்பத்திரிலேர்ந்து வரும்போதே இருந்திச்சி சித்தி,” என்றாள் அருணா. “என்னைத் தவிர யாரையும் உள்ள வுடல. சத்தியமா நான் வெக்கல.”

கருஞ்சிவப்பு நிறம். படவேட்டம்மன் கோயில் குங்குமம். கல்யாணமான நாளிலிருந்து நான் வைப்பது அது ஒன்றுதான்.

ஒரு பெண் மறுபடி துணியை நனைத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“வுட்டுடுங்க. அது இருக்கட்டும்.”

சாயங்காலம் நாலு மணிக்கு அந்தக் குங்குமத்தோடுதான் அக்காவைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நாலாவது வார்த்தையை நான் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அவள் காதில் விழுந்திருக்கும். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.