கோணாத வாய்

சிட்னியில் எனக்குக் கிடைத்த முதல் நிரந்தர வேலை, செத்துப்போன ரோமச் சக்கரவர்த்திகளுக்குக் காவல் நிற்பது. எழுபதுகளின் நடுப்பகுதி அது. ஊரில் சரித்திரம் படிப்பித்த என் சான்றிதழ் இங்கே செல்லாது என்றுவிட்டார்கள். பல்கலைக்கழகமொன்றின் சிறிய அரும்பொருட்சாலையில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு, தொடாதீர்கள், தொடாதீர்கள் என்று சொல்வதற்குச் சான்றிதழ் தேவைப்படவில்லை. காலையில் செவன் ஹில்ஸில் ரயில் ஏறுவேன். பின்னேரம்வரை கல் முகங்களைப் பார்த்துவிட்டு அதே ரயிலில் திரும்புவேன். பேசாத ஆட்களோடு இருப்பது அந்நாளில் எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

சிலைகளை விளக்க ஒரு பெண்மணி வருவார். பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் சொன்னதை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். இந்தச் சக்கரவர்த்தி எழுபது தாண்டிச் செத்தவர், ஆனால் சிலைகளில் கடைசிவரை இளந்தாரி. அடிக்கடி நோயில் விழுந்த உடம்பு, கல்லில் மட்டும் கவசத்தை மீறித் தசை திரண்டு நிற்கிறது. கால் வெறுங்கால், ஏனென்றால் தெய்வங்களை அப்படித்தான் செதுக்குவார்கள். பல சிலைகளுக்கு உடம்பை முதலே செய்து வைத்துவிடுவார்களாம். தலையைத் தனியாகச் செதுக்கிக் கழுத்துக் குழியில் இறக்கினால் வேலை முடிந்தது. ஆட்சி கவிழ்ந்தால் கல்லை வீணாக்குவதில்லை. பழையவரின் முகத்தைச் செதுக்கிக் குறைத்துப் புதியவர் ஆக்கிவிடுவார்கள். "தூரத்து மாகாணங்களில் அவரை நேரில் கண்டவர்கள் குறைவு. அவர்களுக்கு இதுதான் அவர்" என்று முடிப்பார். எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. குடிமக்களுக்கு அரசனின் மூட்டுவலி எதற்கு?

அந்த வருடம் குளிர் தொடங்கும்போது தந்தி வந்தது. ஐயா போய்விட்டார். தகப்பனை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசி நிறுத்துக் கொடுத்தவர். வேட்டி, சால்வை தவிர வேறெதுவும் உடுத்து நான் கண்டதில்லை. கடைசி மூன்று வருடம் பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து கிடந்தார். நான் போகவில்லை. வேலையில் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை, விட்டுவிட்டுப் போனால் வேலை இருக்காது என்று பயந்தேன். மூத்தவன் நான் உயிரோடு இருக்க, தம்பி கொள்ளி வைத்தான். வெட்கத்தில் அந்தக் கிழமை முழுக்க யாருடைய முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிறகு தம்பியின் கடிதம் வந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று, இறந்தவரின் படத்தோடும் புலம்பல் பாட்டுகளோடும் ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்து வருகிறவர்களுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். கல்வெட்டு என்போம். "அண்ணை, கல்வெட்டுக்குப் போட ஐயாவின்ரை படம் இது ஒண்டுதான் கிடக்கு. கலியாணப் படத்தைக் கறையான் அரிச்சுப்போட்டுது. வாய் கோணினபடி போட்டால் சனம் என்ன சொல்லும்? அங்கை நல்ல ஸ்டூடியோ இருக்குமெல்லோ, திருத்தி அனுப்புங்கோ" என்று எழுதியிருந்தான்.

கொழும்பிலிருந்து வந்த யாரோ எடுத்த படம். பிலிமும் எடுத்தவரோடேயே போய்விட்டது. கதிரையில் ஐயா இருக்கிறார். வாய் இடது பக்கம் இழுத்திருக்கிறது, ஒரு கண் பாதி மூடியிருக்கிறது, வடிகிற எச்சிலுக்கு நெஞ்சில் ஒரு துண்டு. அவர் சரிந்துவிடாமல் தோளைப் பிடித்திருந்த அம்மாவின் கை மட்டும் ஓரத்தில் தெரிந்தது.

பிளாக்டவுனில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கொண்டு போனேன். இத்தாலியிலிருந்து வந்த கிழவர் ஒருவர் கலியாணப் படங்களில் குறைகளைத் தீட்டி மறைக்கும் ரச்சிங் வேலை செய்துகொண்டிருந்தார். படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"முதலில் இதைப் பிரதி எடுப்போம். பிறகு பிரதியில் வேலை செய்யலாம். ஒரு கிழமை கூடுதலாகும்."

விரல் மடித்து நாள் எண்ணினேன். விமானத் தபால், அச்சகம் எல்லாம் போக ஒரு கிழமை மிஞ்சவில்லை.

"இதிலேயே செய்யுங்கள்" என்றேன்.

"இந்த முகம் பிறகு இருக்காது."

"எனக்கு அது தேவையில்லை."

யாரும் என் கழுத்தைப் பிடித்துச் சொல்லவைக்கவில்லை. தலைமுடியைக் கறுப்பாக்குங்கள், கன்னத்தை நிரப்புங்கள், சுவர்ப் படத்தில் நிற்கிற அந்த மாப்பிள்ளையின் கோட்டையும் டையையும் போட்டுவிடுங்கள் என்றெல்லாம் நானே சொன்னேன். "இந்தக் கை?" என்று கேட்டார். எடுத்துவிடச் சொன்னேன். பிளேடால் சுரண்டியும் தூரிகையால் பூசியும் ஐந்து நாளில் முடித்துக் கொடுத்தார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிள்ளையார் பிள்ளையாராகவே வந்தார். நாற்பது வயதில் ஒரு பாங்கு மனேஜர், நிமிர்ந்த கழுத்தோடு என்னைப் பார்த்தார். தபாலில் போடுமுன் அறைத் தோழர்களுக்குக் காட்டிப் பெருமைப்பட்டேன். கொள்ளி வைக்கப் போகாத குறையை இதால் கழுவிவிட்டேன் என்றுகூட நினைத்தேன். கல்வெட்டுப் பார்த்த சனமெல்லாம் ஐயா இவ்வளவு வடிவான ஆளா என்று கேட்டதாகத் தம்பி எழுதினான்.

இரண்டு வருடம் கழித்துத்தான் ஊருக்குப் போக முடிந்தது. சாமியறையில் அதே படம், கண்ணாடி போட்டு, மாலை போட்டு மாட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை அம்மா விளக்குக் கொளுத்தினா. படத்தை நிமிர்ந்து பாராமல் திரும்பி வந்துவிட்டா.

"ஏனம்மா, படம் பிடிக்கேல்லையோ?"

"நல்ல வடிவான படம்தான்." எண்ணெய்க் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தா. "உன்னட்டை அனுப்பின அந்தப் பழைய படத்தைக் கொண்டந்தனியோ?"

"இல்லை. சிட்னியிலை கிடக்கு."

"அடுத்த முறை மறக்காமல் கொண்டா. மாலை போட்டிருக்கிற உவரைப் பார்த்தால் எனக்கு அழுகை வருகுதில்லை, ராசா. மூண்டு வரியம் நான் கஞ்சி பருக்கினது அந்த வாய்க்கெல்லோ."

தூரத்து மாகாணத்தில் இருந்தவன் நான்தான். அம்மா அந்த முகத்தை ஒவ்வொரு நாளும் துடைத்தவர். நீங்கள் கேட்கிற முகம் இந்த மைக்கு அடியில்தான் இருந்தது, நான்தான் சுரண்டச் சொன்னேன் என்று நான் சொல்லவில்லை. கோழைத்தனம்தான், வேறு பெயரில்லை.

சிட்னிக்குத் திரும்பிய பிறகு அம்மா தம்பியைக் கொண்டு எழுதுவித்த கடிதங்களில் எல்லாம் கடைசி வரி அந்தப் படத்தைப் பற்றித்தான் இருக்கும். வீடு மாறியதில் எங்கேயோ வைத்துவிட்டேன், தேடுகிறேன் என்று பதில் எழுதுவேன். அம்மா சாகும்வரை அப்படியே எழுதிக்கொண்டிருந்தேன்.