ஸ்டோர் ரூமுக்கு ஒரு ஜன்னல்

தம்பி வீடு கட்டுகிற இடத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். தம்பி அக்கா என்று கூப்பிடுவது நியாயம். தம்பி மனைவியும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டாள். ஆனால் தலை முழுக்க நரைத்த மேஸ்திரியும், அவரைவிட மூத்த தச்சரும் வாய்க்கு வாய் "அக்கா" போட்டதுதான் வேடிக்கை. இது மரியாதையா பயமா என்று கேட்டால், மேஸ்திரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ரெண்டும்தான்" என்பார். அவள் காதுக்கு எட்டாத தூரத்தில் அவளுக்கு அங்கே இன்னொரு பெயரும் இருந்தது. அம்பு அக்கா.

சட்டை தைக்கிற கம்பெனியில் அவளுக்கு செக்கிங் வேலை. தைத்து முடித்த சட்டைகள் அவள் மேசைக்கு வரும். காலர், கை, பட்டன், ஓரத் தையல் என்று தடவிப் பார்த்து, எங்கே பிசகு இருக்கிறதோ அங்கே அம்புக்குறி போட்ட ஒரு சின்ன சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். அம்பு விழுந்த சட்டை வந்த வழியே திரும்பிப் போய்விடும். பல வருடமாகப் பிழையை மட்டுமே தேடிப் பழகிய கண், வேலை முடிந்ததும் சும்மா இருக்குமா? கைப்பையில் எப்போதும் ஒரு ஸ்டிக்கர் சுருள் கிடக்கும். மேஸ்திரி காலையில் வந்து பார்த்தால், சுவர் லேசாகப் பிதுங்கிய இடத்தில் ஒரு அம்பு, சிமெண்ட் சரியாக அடையாத சந்தில் ஒரு அம்பு, படிக்கட்டில் மூளியாகிப்போன முனையில் ஒரு அம்பு.

"சார், உங்க அக்கா அம்பு விட்டே என்னைச் சாய்ச்சிடுவாங்க போல" என்று தம்பியிடம் முறையிட்டார்.

தம்பி சிரித்தான். லாரி ஓட்டுகிறவன். நாள் கணக்கில் வண்டிக்குள் தனியாக இருந்து பழகியதாலோ என்னவோ, சிரிப்பு வருகிற அளவுக்கு அவனுக்குப் பேச்சு வராது.

அவள் மனதில் முள் தைத்தது, காலி மனையில் சுண்ணாம்புக் கோடு போட்ட அன்றைக்கு. குடும்பம் மொத்தமும் வந்திருந்தது. மேஸ்திரி கையில் பிளான் காகிதத்தோடு கோட்டுக்குக் கோடு தாண்டிக் காட்டிக்கொண்டே போனார். "இது ஹால். இது சமையல் ரூம். இது சாரோட ரூம். இது பசங்க ரூம்." தம்பியின் மகளும் மகனும் அதற்குள்ளேயே யாருக்கு எந்த மூலை என்று சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். தெருப் பக்கமாக இன்னும் ஒரு சின்னக் கட்டம் மிச்சம் இருந்தது. அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். "இது ஸ்டோர் ரூம்" என்றார் மேஸ்திரி. தம்பி தலையை ஆட்டினான்.

அவ்வளவுதான். வேறு கட்டம் இல்லை.

சுண்ணாம்புக் கோட்டில் பார்க்கும்போது எந்த அறையும் தீப்பெட்டி மாதிரிதான் தெரியும் என்று தம்பி மனைவி அலுத்துக்கொண்டாள். "இதுக்குள்ள கட்டில் போட்டா ஆள் எங்கக்கா நிக்கிறது?" அவள் சுண்ணாம்புக் கோட்டை மிதிக்காமல் தாண்டி வெளியே வந்தாள். தீப்பெட்டி அளவிலாவது இவர்களுக்கு ஓர் இடம் இருக்கிறது.

கல்யாணமாகிப் போன வேகத்திலேயே திரும்பி வந்தவள் அவள். அன்றைக்குத் தம்பி வாசலில் நின்று பெட்டியை வாங்கி உள்ளே வைத்தான். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. அவனுடைய அந்தப் பேசாத குணம் அப்போது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது. அதே குணம்தான் இப்போது உறுத்தியது. வாயைத் திறந்து கேட்டுவிடலாம்தான். "ஆமாம், உனக்கு ரூம் இல்லை" என்று பதில் வந்தால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

வாடகை வீட்டிலும் அவளுக்கென்று அறை கிடையாது. ஹாலில் ஓரமாகப் பாய் விரித்துப் படுப்பாள். சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்ததும், நாள் பூராவும் நின்ற கால்களைத் தரையில் நீட்டிக்கொண்டு வாசல்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். ஜன்னல்கள் எல்லாம் நின்றால்தான் எட்டும். தெருவைப் பார்க்க வேண்டுமென்றால் வாசல்தான் வழி. போகிறவர் வருகிறவர் எல்லாரும் அவள் காலைத் தாண்டித்தான் போகவேண்டும். பிள்ளைகள் அதற்கு "அத்தை டோல்கேட்" என்று பெயர் வைத்து, தாண்டும்போதெல்லாம் அவள் கையில் ஒரு மிட்டாய்க் காகிதத்தைத் திணித்துவிட்டு ஓடுவார்கள். அவளும் கறாராக வசூல் செய்வாள். அந்த விளையாட்டு அவளுக்குப் பிடிக்கும்.

சுவர் எழும்ப எழும்ப, தண்ணீர் விடுகிற வேலை அவள் தலையில் விழுந்தது. யாரும் சுமத்தவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள். புதுச் சுவரை ஈரம் காயாமல் வைத்திருந்தால்தான் சிமெண்ட் கெட்டிப்படும். காலையில் கம்பெனிக்குப் போகும் முன் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, குழாயைப் பிடித்துக்கொண்டு அறை அறையாகப் போவாள். பிள்ளைகள் அறைக்கு நின்று நிதானமாக. தம்பி அறைக்கும் குறைவில்லாமல். ஸ்டோர் ரூம் முறை வரும்போது மட்டும் அவளுக்குக் கை வலித்துவிடும். வாசலில் நின்றபடி குழாயைக் காட்டியும் காட்டாமலும் ஒரு வீச்சு வீசிவிட்டு வந்துவிடுவாள். மூட்டை முடிச்சு கிடக்கப்போகிற அறைக்கு இது போதும். அற்பத்தனம்தான். அவளுக்கே தெரியும். தெரிந்தும் செய்தாள்.

ஒரு நாள் தம்பி மனைவி, "உங்களுக்கு எந்தக் கலர்க்கா பிடிக்கும்?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன, எதையாவது அடிங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுக் குழாயைச் சுருட்டப் போய்விட்டாள். தம்பி மனைவியின் முகம் சுருங்கியதை அவள் பார்க்காமல் இல்லை.

அந்த வாரமே கம்பெனிக்குப் பக்கத்தில் இருந்த பெண்கள் ஹாஸ்டலுக்குப் போய்ப் பார்த்தாள். இரும்புக் கட்டில், இரும்பு பீரோ, உச்சியில் புகைபோக்கி மாதிரி ஒரு ஜன்னல். ஒரு அறையில் இரண்டு பேர். "வீட்ல யாரும் இல்லையாம்மா?" என்று வார்டன் கேட்டபோது, "இருக்காங்க, ரொம்ப நல்லவங்க" என்றாள். அது பொய்யில்லை. அதனால்தான் இன்னும் வலித்தது. புது வீட்டுக்கு எல்லோரும் போகிற அன்று இங்கே வந்துவிடுவதாகச் சொல்லி ஒரு கட்டிலைப் பிடித்து வைத்துவிட்டு வந்தாள். போகச்சொல்லி யாரும் சொல்வதற்கு முன் தானாகப் போய்விட்டால், மானமாவது மிஞ்சும்.

தம்பி நீண்ட பயணம் போயிருந்த சமயத்தில்தான் அவள் கண்ணில் அந்த ஜன்னல் பட்டது. மற்ற அறைகளில் ஜன்னலுக்காக விட்ட திறப்பெல்லாம் இடுப்பு உயரத்தில் ஆரம்பித்தன. ஸ்டோர் ரூமில் மட்டும் முழங்காலுக்கும் கீழே இறங்கிக் கிடந்தது. ஒரு சட்டையில் ஒரே ஒரு பட்டன் மட்டும் கீழே இறங்கியிருந்தால் விடுவாளா? ஒரு அம்பு போதவில்லை. வரிசையாக ஒட்டினாள்.

"சார்தான் இப்படி விடச் சொன்னாருக்கா" என்றார் மேஸ்திரி.

"அவன் ஏதோ சொன்னா நீங்க அப்படியே கட்டிடுவீங்களா? வெளியிலேர்ந்து பார்த்தா ஒரு ஜன்னல் மேலே, ஒரு ஜன்னல் கீழே. பார்க்கிறவன் சிரிக்கமாட்டான்?"

"ஏதோ காரணமாத்தான் சொல்லியிருப்பாரு."

"ஸ்டோர் ரூம்ல என்ன காரணம்? மூட்டையெல்லாம் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்க்கப்போகுதா?"

மேஸ்திரி தம்பிக்குப் போன் போட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. அம்புகளைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், பெருமூச்சு விட்டுக் கொத்துக் கரண்டியை எடுத்தார். சாயங்காலத்துக்குள் அஞ்சாறு வரி செங்கல் ஏறி, அந்த ஜன்னலும் மற்றதோடு சமமாகிவிட்டது. வெகுநாளைக்குப் பிறகு அன்றைக்கு அவளுக்கு ஒரு திருப்தி. தனக்கு இடமில்லாத வீட்டில், தன் சொல்லுக்காவது இடம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தச்சர் ஜன்னல் சட்டங்களைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார். எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தன. ஸ்டோர் ரூம் சட்டம் மட்டும் திறப்புக்குள் நுழையவே இல்லை. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, நெடுநெடுவென்று நின்றது.

"அளவு தப்பு" என்று தீர்ப்புச் சொல்லி, அவள் அதன்மேலும் ஒரு அம்பை ஒட்டினாள்.

தச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "என் மரத்து மேல ஒட்டாதீங்கக்கா. சார் கொடுத்த அளவு இது. அவரே கடைக்கு வந்து, தரையில உட்கார்ந்து காட்டி, கண்ணு இந்த உயரத்துல இருக்கும்னு சொல்லிட்டுப் போனாரு. அளவு எடுக்க யாராவது உட்கார்ந்து காட்டுவாங்களான்னு நானே சிரிச்சேன்."

அவள் கை சுருளிலேயே நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் தம்பியும் வந்து சேர்ந்தான். பயணத்திலிருந்து நேரே வந்தவன், குளிக்கக்கூட இல்லை. பின்னாலேயே அவன் மனைவி தேநீர் கொண்டுவந்தாள். தம்பி சட்டத்தைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். புதிதாக ஏறிய செங்கல் வரி நிறம் வேறாகப் பளிச்சென்று தெரிந்தது.

"யார் ஏத்தினது?"

மேஸ்திரி வானத்தைப் பார்த்தார். "நான்தான் ஏத்தச் சொன்னேன்" என்றாள் அவள்.

அவன் திட்டவில்லை. உள்ளே போய், தூசியும் மணலுமாகக் கிடந்த தரையில் சுவரோடு சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தான். அவள் வாடகை வீட்டு வாசலில் உட்காருகிற அதே மாதிரி. "இங்க வா. உட்காரு" என்றான். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன தெரியுது?"

"செங்கல்."

"தெரு தெரியுதா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு நான் ஜன்னலைக் கீழே எறக்கச் சொன்னேன்?" அவன் புதுச் செங்கல் வரியைக் காட்டினான். "நாள் பூரா நின்னுட்டு வந்து உட்கார்றே. நீ உட்கார்ந்த இடத்துலேர்ந்தே தெருவைப் பார்க்கணும்னுதான் தெருப் பக்கமா இருக்கிற ரூமை உனக்கு வச்சேன்."

அவளுக்குக் காதில் விழுந்தது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "மேஸ்திரி ஸ்டோர் ரூம்னு சொன்னாரே. நீயும் தலையை ஆட்டினியே."

"பிளான் வரைஞ்சவன் அப்படி எழுதியிருந்தான். அவர் படிச்சாரு. உன் ரூம்னு நமக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியாதே."

தம்பி மனைவி தேநீர்த் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். "நீங்க அக்காகிட்ட சொல்லியிருப்பீங்கன்னுல்ல நான் நினைச்சேன்" என்றாள் கணவனிடம். "அதனாலதான் அன்னிக்கு ரூமுக்குக் கலர் கேட்டேன். பிடிக்கல போலன்னு விட்டுட்டேன்."

"இதைக்கூடவா சொல்லணும்?" என்றான் தம்பி. அவன் நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான்.

"சொல்லணும்டா" என்றாள் அவள். அதற்குமேல் அடக்க முடியவில்லை. கண்ணீர் கன்னத்தில் இறங்கியது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. "நான் ஹாஸ்டல்ல கட்டில் பார்த்து வச்சிருக்கேன்."

தம்பி அவளைத் திரும்பிப் பார்த்தான். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அவனுக்கு இது வழக்கம்தான் என்றாலும், இந்தத் தடவை பேச முயன்று முடியாமல் போனது எல்லோருக்கும் தெரிந்தது. கடைசியில், "இது உன் ரூம்கா" என்றான். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல நிறுத்தி இன்னொரு தரம் சொன்னான். "உன் ரூம்."

அவள் எழுந்தாள். புடவையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். தச்சருடைய சட்டத்தில் ஒட்டியிருந்த அம்பை நகத்தால் கிள்ளி எடுத்து, தான் ஏற்றச் சொன்ன செங்கல்மேல் கொண்டுபோய் அழுத்தி ஒட்டினாள். மேஸ்திரி அதற்காகவே காத்திருந்தவர் போலச் சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலையில் வேலைக்குப் போகிற வழியில் ஹாஸ்டலில் இறங்கி, கட்டில் வேண்டாம் என்று சொன்னாள். வார்டன் காரணம் கேட்கவில்லை. இவளாகவே, "எனக்கு ரூம் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

சாயங்காலம் குழாயை எடுத்தவள், மற்ற அறைகளை எல்லாம் தாண்டி நேரே தெருப் பக்க அறைக்குப் போனாள். நாலு சுவரிலும் மேலிருந்து கீழ்வரை தண்ணீர் வழிந்தது. தரையில் தேங்கி, வாசல் தாண்டி ஹாலுக்கும் போய்விட்டது. சாரக் கம்புகளைக் கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரி ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

"போதும்கா. இந்த ஒரு ரூமுக்கே இவ்வளவு தண்ணியா?"

"நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்றாள் அவள், குழாயைத் தாழ்த்தாமல். "இதுக்குப் பழைய பாக்கி நிறைய இருக்கு."