படத்தின் ஓரத்தில் ஒரு கை

போன வருடம் தீபாவளிக்கு முன்பு, சிங்கப்பூர் ஜாலான் புசாரில் ஒரு இரும்புக்கடையின் மாடியில் நடந்தது இது. எங்கள் பெண்கள் குழு ஒரு தீபாவளி மலர் கொண்டுவர முடிவு செய்தது. பிழை திருத்த ஆள் வேண்டும் என்றார்கள். மதுரையிலிருந்து வந்து பொங்கோல் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த நான்தான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன்.

பக்கங்களை வடிவமைத்தவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், என்னைவிட இளையவள். முதல் நாள் அவள் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. படத்துக்கு ‘ப்ளீட்’ விட வேண்டும் என்றாள். நான் சும்மா தலையாட்டினேன். பிறகு கேட்டால், காகிதத்தை வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை தெரியாமலிருக்கப் படத்தைக் கொஞ்சம் வெளியே நீட்டி வைப்பதாம். அட, தையலுக்குத் துணி விடுகிற மாதிரிதானே! அதன்பிறகு மார்ஜின், கிராப், ஒயிட் ஸ்பேஸ் என்று ஒன்றையும் விடவில்லை. சாப்பாட்டுத் தட்டைச் சுற்றிக் காலி இடம், அதாவது ஒயிட் ஸ்பேஸ், வேண்டும் என்று வீட்டில் அலட்டியதை என் கணவர் இன்னும் சொல்லிச் சிரிப்பார்.

மார்சிலிங்கில் இருக்கும் ஓர் ஆன்ட்டியைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பேருந்தின் முன் நிற்கும் பழைய படம் ஒன்றைக் கொடுத்திருந்தார். ஓரத்திலிருந்து யாருடைய கையோ நீண்டு அவர் தோளில் கிடந்தது. ஆள் இல்லை, கை மட்டும். உறுத்துகிறது, அந்த ஓரத்தை வெட்டு, கிராப் செய்துவிடு என்று பெரிய நிபுணர் மாதிரி நான்தான் சொன்னேன். கை போனது, பக்கம் பளிச்சென்று ஆனது.

அச்சுக்குப் போகும் நாளில் ஆன்ட்டியை வரச்சொல்லிப் பக்கத்தைக் காட்டினோம். அவர் கட்டுரையைப் படிக்கவேயில்லை. படத்தில் தன் தோளையே விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“இங்க ஒரு கை இருந்துச்சேம்மா?”

ஓரமாக இருந்ததால் எடுத்துவிட்டோம் என்றேன்.

“என் வீட்டுக்காரரோட கை லா அது. போட்டோன்னாலே ஓடிருவாரு. அன்னைக்கு இழுத்து நிறுத்துனேன், அப்பவும் நகர்ந்துட்டாரு. நாங்க சேர்ந்து இருக்கிற படம் இது ஒண்ணுதான்.”

கணவர் இல்லாமல் வரும் முதல் தீபாவளியாம் அது. மன்னிப்புக் கேட்டேன். உனக்கு எப்படிம்மா தெரியும் என்று அவர்தான் எனக்குச் சமாதானம் சொன்னார்.

வடிவமைத்தவள் கணினி முன் உட்கார்ந்தாள். முழுப் படத்தையும் திரும்ப வைத்தாள். இப்போது கை கட்டுரையின் மேல் வந்து விழுந்தது. வரிகளை நகர்த்தி, கையைச் சுற்றி வளைந்து போகும்படி செய்தாள். இதற்குப் பெயர் ‘டெக்ஸ்ட் ராப்’ என்றாள். இடம் போதவில்லை. நான் பார்த்துப் பார்த்துத் திருத்திய பத்தி ஒன்றை நானே வெட்டச் சொன்னேன். ஆன்ட்டி திரையில் அந்தக் கையைப் பார்த்தபடியே, “இப்பவாச்சும் ஓடாம நில்லுங்க” என்றார்.

இப்போதெல்லாம் படத்தின் ஓரத்தில் ஒரு விரல் தெரிந்தால்கூட, அது யாருடையது என்று கேட்காமல் கிராப் என்ற சொல் என் வாயில் வருவதில்லை.