அண்ணையின் போனுக்கு நான் போட்ட ஜம்பர்

நெல்லியடியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். பொம்பிளை திருத்தினால் போன் பேசுமா என்று பல்லைக் காட்டிய ஆம்பிளைகளே பிறகு என் கடை வாசலில் காத்துக் கிடந்தார்கள். அதனால் எனக்குத் தலைக்கனம் ஏறியது உண்மை. "இது சரிவராது" என்று சொல்லி எந்தப் போனையும் திருப்பிக் கொடுப்பதில்லை என்று ஒரு வீறாப்பு வைத்திருந்தேன். அந்த வீறாப்பை நான் கொண்டுபோய்க் காட்டிய இடம் என் சொந்த அண்ணையின் போன்.

நான் பிறந்தது குருநகரில். நெல்லியடிக்குப் பக்கத்துக் கரவெட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்துவிட்டேன். அண்ணைக்கு இன்னும் குருநகர்தான், கடற்றொழில்தான். ஒரு ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு மோட்டார் சைக்கிளில் புத்தூர் வழியாக வந்து இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வலையைத் தொடமாட்டார்கள். ஆகவே பல் பிடுங்குவது, போன் திருத்துவது எல்லாம் அன்றைக்குத்தான்.

"தங்கச்சி, இதுக்கு உப்புத்தண்ணி பட்டிட்டுது. சிக்னல் கோடு வருது, போகுது. நாளைக்கு விடிய நண்டு வலை எடுக்கப் போகவேணும். ஒருக்காப் பார்."

கழற்றிப் பார்த்தேன். அன்ரனாவுக்குப் பக்கத்தில் கடுகளவில் இருக்கும் ரியூனர் என்ற சிப் உப்பில் அரிபட்டுப் போயிருந்தது. அதன் வேலையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். இந்தக் காலத்துப் போன் ஒரே அலைவரிசையில் பேசுவதில்லை; டவுனுக்குள் ஒன்று, தூரத்துக்கு இன்னொன்று என்று மாறிக்கொண்டே இருக்கும். அன்ரனாவோ விரல் நீளம்கூட இல்லை. அலைவரிசை மாறினாலும், கையால் பொத்திப் பிடித்தாலும், போனுக்கும் அன்ரனாவுக்கும் உள்ள பொருத்தம் கெட்டுவிடும். தோட்டத்துப் பம்பில் வாய் பொருந்தாத குழாயை மாட்டினால் தண்ணீர் பயிருக்குப் போகாமல் பக்கத்தால் பீச்சியடிக்குமே, அப்படித்தான். போன் அனுப்பும் சக்தி வெளியே போகாமல் உள்ளேயே திரும்பி வரும். அந்தப் பொருத்தத்தை நமக்குத் தெரியாமலே விடாமல் சரிசெய்துகொண்டிருப்பதுதான் ரியூனர்.

என்னிடம் புது ரியூனர் இல்லை. யாழ்ப்பாணத்தில் உதிரிப்பாகம் விற்கிற கடையும் ஞாயிறு பூட்டு. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பழுதான சிப்பைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் மயிர் பருமனில் ஒரு செம்புக் கம்பியைப் பாலமாக ஒட்டிவிடுவோம். ஜம்பர் என்போம். போன் பேசும். ஆனால் பொருத்தம் ஒரே நிலையில் நின்றுவிடும். எந்த அலைவரிசைக்கு வாய்த்ததோ அதற்கு மட்டும்தான்.

ஜம்பர் போட்டேன். கடைக்குப் பின்னாலேயே ரவர் என்று நாங்கள் சொல்லும் சிக்னல் கோபுரம் நிற்கிறது. கோடுகள் எல்லாம் நிறைந்து நின்றன. மேசையில் வைத்து என் போனுக்கு அடித்தேன். குரல் கணீரென்று கேட்டது.

"இந்தாங்கோ அண்ணை, புதுசு மாதிரி."

கடையில் நின்ற ஆட்களிடம் "என்ரை தங்கச்சி" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார். ஜம்பரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்றால் அது பொய். சொன்னால் அந்தப் பெருமை குறையும் என்று பயந்தேன்.

திங்கள் மத்தியானம் அண்ணியின் கோல் வந்தது.

"உன்ரை அண்ணை இன்னும் வரேல்லை. பத்து மணிக்குக் கரைக்கு வாற ஆள். அடிச்சா லைன் போகுதில்லை."

கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன். வழி முழுக்க அந்தக் கம்பிதான் கண்ணுக்குள் நின்றது. தூரத்து அலைவரிசைக்கு அது பொருந்தாது என்று எனக்கு ஒட்டும்போதே தெரியும். குருநகர்க் கரையில் அண்ணி செபமாலையோடு இருந்தா. கரைக்கு வந்திருந்த இரண்டு படகுகள் திரும்பத் தேடப் போயிருந்தன.

"போன் நீ திருத்தினது எண்டபடியா எனக்கு அதிலை யோசினையில்லை," என்றா அண்ணி. "படகுக்குத்தான் என்னவோ நடந்திட்டுது."

அந்த நேரம் என்னை நானே வெறுத்தேன்.

பொழுதுபட முன்னம் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். நெடுந்தீவுக்கு அங்கால் எஞ்சின் நின்றுவிட்டதாம். காற்று இந்திய எல்லைப் பக்கமாக இழுத்திருக்கிறது. சேர்ட்டைக் கழற்றி வீசியதைத் தேடிப் போனவர்கள் கண்டிருக்கிறார்கள். அண்ணைக்கு உதடு வெடித்து, கண் சிவந்து போயிருந்தது. தண்ணீர் குடித்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார்.

"ரெண்டு கோடு நிண்டது தங்கச்சி. கோல்தான் போகேல்லை. உயத்திப் பிடிச்சும் பாத்தன். ரவர் பழுது போலை."

"ரவர் இல்லை அண்ணை. நான்தான்."

கோடு காட்டினாலும் போன் அனுப்புவது ரவருக்குப் போய்ச் சேராது என்பதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி எழும்பி அப்பால் போய்விட்டா. அண்ணை கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"இதை நேற்றுச் சொல்லியிருக்கலாமே. பக்கத்து வீட்டானின்ரை போனைக் கொண்டு போயிருப்பன்."

அவ்வளவுதான். அந்தப் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

அடுத்த ஞாயிறுக்கு முன்பே புது ரியூனர் வாங்கிப் போட்டேன். இந்தமுறை கடை மேசையை நம்பவில்லை. உப்புத்தண்ணீரில் நனைத்த கையால் பொத்திப் பிடித்து, பொலித்தீன் பையில் சுற்றி, கோபுரத்துக்குத் தூரமாக வயல்வெளியில் நின்றும் அடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கோல் போனது. கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இப்ப சரி அண்ணை."

"கடையிலை சரியோ, கடல்லை சரியோ?"

கோபத்தில் கேட்கவில்லை; தெரியவேண்டும் என்று கேட்டார். நான் வயல்வெளிவரைதான் பார்த்திருந்தேன். போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இப்போது அவர் கடலுக்கு இரண்டு போன் கொண்டு போகிறார்: நான் திருத்தியது ஒன்று, எங்கோ வாங்கிய பழைய பட்டன் போன் ஒன்று. நான் திருத்தியதில் பாட்டுக் கேட்பாராம். கரைக்குத் திரும்பும் வழியில் அண்ணிக்கும் எனக்கும் தவறாமல் எடுப்பார், அன்றைய மீன்பாடு எப்படி என்று சிரித்துக் கதைப்பார். மணி அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பார்க்கிறேன். எப்போதும் விழுவது அந்தப் பழைய பட்டன் போனின் நம்பர்தான்.